அரக்குத் தட்டுக்கு ஈக்வலைசேஷன்: எங்கே பிசகுகிறது?

நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய அரக்குத் தட்டைக் கணினியில் ஏற்றும்போது, பதிவில் மாற்றப்பட்ட பேஸ் (தாழ்ந்த ஒலி), ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) அளவுகளைச் சரிசெய்வதுதான் ஈக்வலைசேஷன்; எந்த அலைவரிசையில் எவ்வளவு ஏற்றி இறக்குவது என்பதே அதன் 'வளைவு'. கடையில் கிடைக்கும் போனோ ப்ரீஆம்ப் (ஊசியின் சிக்னலைப் பெருக்கும் கருவி) அநேகமாக எல்லாவற்றிலும் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற அமெரிக்க இசைத்தட்டுச் சங்கத்தின் வளைவுதான். 1954-இல் தரமாக வந்த இது, 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸை ஏற்றும், 10,000 ஹெர்ட்ஸில் 13.7 டெசிபல் இறக்கும். 1930-களின் எச்.எம்.வி. தட்டுகளிலோ டர்ன்ஓவர், அதாவது பேஸ் திருத்தம் தொடங்கும் இடம், 250 ஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கும், ட்ரெபிளை ஏற்றிப் பதியும் வழக்கமும் இல்லை. அதை ஆர்.ஐ.ஏ.ஏ.-வில் ஓட்டினால் 100 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 5 டெசிபல் வீங்கும், பாடகரின் 'ச', 'ஸ' எல்லாம் போர்வைக்குள் போய்விடும். இரைச்சலும் கூடவே அடங்குவதால் 'சுத்தமாகத்தானே இருக்கிறது' என்று காது ஏமாறும்.

வளைவே இல்லாமல் ஃபிளாட்டாக, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் எடுத்து வைப்பதே நல்லது. பிறகு எந்த வளைவையும் மென்பொருளில் போட்டுப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் கழற்றலாம்.

78 வேகம் இல்லாத டர்ன்டேபிளில் 33⅓-இல் ஓட்டி, பின்னால் வேகத்தைக் கூட்டுகிறவர்கள் வரிசையில் தவறுகிறார்கள். வேகம் 2.35 மடங்கு ஏறும்போது ப்ரீஆம்ப் போட்ட வளைவும் சேர்ந்தே நகரும்: 500 ஹெர்ட்ஸ் 1,174 ஆகிவிடும், ட்ரெபிள் இறக்கம் தொடங்கும் 2,122 ஏறக்குறைய 4,980 ஆகிவிடும். முதலில் ஆர்.ஐ.ஏ.ஏ.-வின் தலைகீழ் வளைவைப் போட்டு அதை நீக்குங்கள். அடுத்து வேகம், கடைசியில் தட்டுக்குரிய வளைவு.

லேபிளைப் பார்த்து வளைவைத் தீர்மானிப்பது அடுத்த பிசகு. லேபிள் மறுபதிப்பின் காலத்தைத்தான் சொல்லும். 1924-இல், மைக் இல்லாமல் ஒலியைத் திரட்டிய பதிவுக் குழலுக்கு முன் நின்று பாடியது பல வருடம் கழித்துப் புது லேபிளில் வந்திருக்கலாம். நடுவில் லேபிளைச் சுற்றியுள்ள மெழுமெழுப்பான பகுதியை விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். எச்.எம்.வி.-யில் மேட்ரிக்ஸ் எண்ணை (அங்கே பொறித்திருக்கும் பதிவு எண்) அடுத்து சிறு முக்கோணம் இருந்தால் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் முறை, சதுரம் என்றால் புளூம்லைன் முறை; இரண்டும் மின்சாரப் பதிவு முறைகள். இரண்டுக்கும் 250 ஹெர்ட்ஸ், ட்ரெபிள் வெட்டு பூஜ்யம் என்று தொடங்கலாம். டெக்காவின் எஃப்.எஃப்.ஆர்.ஆர். (முழு அலைவரிசைப் பதிவு) தட்டுகளுக்கு 300 ஹெர்ட்ஸும் 10,000-இல் சுமார் 5 டெசிபல் வெட்டும். 1930-களின் இறுதிக்குப் பிந்தைய அமெரிக்க கொலம்பியாவுக்கு 300-உம் 16 டெசிபலும். இவை தொடக்கப் புள்ளிகள்தான், முடிவு காதில்.

1925-க்கு முந்தைய குழல் பதிவில் மின்சார வளைவே கிடையாது. பேஸ் குறைகிறதே என்று டர்ன்ஓவரைப் போட்டால் வருவது பாட்டன்று, மோட்டாரின் உறுமல்.

கிளிக் நீக்கத்தை வளைவுக்கு முன்பே முடியுங்கள். ட்ரெபிளை வெட்டிய பிறகு கிளிக்கின் கூர்மை மழுங்கி, மென்பொருள் அதைத் தவறவிடும். ஸ்டீரியோவின் இரு சானல்களையும் கூட்டி மோனோவாக்கினால் ஊசி மேலும் கீழும் அசைவதால் வரும் செங்குத்து இரைச்சல் கணிசமாகக் கழியும். பழைய பாத்தே தட்டுகளுக்கு மட்டும் இது தலைகீழ்: பள்ளம் மேலும் கீழுமாக வெட்டப்பட்டிருப்பதால், கூட்டினால் பாட்டே காணாமல் போகும். ஒரு சானலின் ஃபேஸைத் திருப்பி (அலையைத் தலைகீழாக்கி)விட்டுக் கூட்ட வேண்டும்.

எல்.பி. ஊசி அரக்குத் தட்டில் பள்ளத்தின் அடியில் உரசும், 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஸ்டைலஸ் வேண்டும். எந்த ஊசி, என்ன வேகம், எந்த டர்ன்ஓவர், எவ்வளவு வெட்டு என்பதைக் கோப்புடனே எழுதி வையுங்கள்.