ஸ்பீக்கர் பெட்டிக்குள் எவ்வளவு பஞ்சு?

வீட்டில் செய்த ஸ்பீக்கர் குடத்துக்குள் பேசுவதுபோல் ஒலித்தால் முதலில் பஞ்சைப் பாருங்கள். மூடிய பெட்டிக்கு லீற்றருக்கு 8 கிராம் பொலியெஸ்டர் பஞ்சில் தொடங்கலாம். 20 லீற்றர் பெட்டிக்கு 160 கிராம். மலிவான தலையணை ஒன்றைப் பிரித்தாலே கிடைக்கும். பிய்த்து உதறி, வூஃபருக்கு (தாழ்ந்த ஒலி தரும் பெரிய ஸ்பீக்கர்) நேர் பின்சுவரில் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். அங்கே பட்டுத் திரும்பும் ஒலிதான் ஸ்பீக்கரின் மெல்லிய கோன் (அதிரும் கூம்பு) வழியாக வெளியே வருகிறது. அமுக்கித் திணித்தால் பேஸ் (தாழ்ந்த ஒலி) செத்துவிடும். பருத்திப் பஞ்சு வேண்டவே வேண்டாம்: திருகோணமலையின் ஈரக்காற்றுக்கு, மாரி முடியுமுன் அடியில் கட்டியாகக் கிடக்கும்.

போர்ட் (காற்று போய்வரும் குழாய்) வைத்த பெட்டி என்றால் சுவர்களில் மட்டும் ஓரங்குலம் ஒட்டுங்கள். குழாய் வாயை மறைக்கக்கூடாது.

பெட்டி செய்யும் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் வெட்டிய விளிம்புதான் ஈரம் குடித்து ஊதும். வெள்ளை மரப்பசையில் சம அளவு தண்ணீர் கலந்து இரண்டு தடவை பூசி, காய்ந்தபின் பெயின்ற் அடியுங்கள். கடலோர வீட்டுக்குத் துருப்பிடிக்காத ஸ்க்ரூ.

கடைசியாக, மூடிய பெட்டியின் கோனை விரல்களால் சமமாக, மெதுவாக உள்ளே தள்ளி, பிறகு விரல்களை எடுங்கள். ஆறுதலாகத் திரும்பினால் கசிவில்லை. சட்டென்று துள்ளினால் வயர் துளையையும் மூலைகளையும் சிலிக்கனால் அடையுங்கள்.