புராஸ்டேட் புற்றுநோயிலிருந்து மீண்டவர் இன்னொருவருக்குத் துணைநிற்பது எப்படி?

சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து தேறிய ஆண்கள் பலருக்கும், தம் பின்னால் வருகிறவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது. இது புதிய வழக்கமன்று. 1990இலேயே அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நோயாளிகள் சிலர் கூடி ‘அஸ் டூ’ என்ற துணைக்குழுவைத் தொடங்கினார்கள். மருத்துவரிடம் கேட்க நாக்கு எழாத கேள்விகளை, அதே பாதையில் நடந்து வந்த ஒருவரிடம் கேட்க முடிகிறது என்பதுதான் இத்தொண்டின் பயன்.

சிகிச்சை முடிந்த கையோடு இதில் இறங்க வேண்டாம். எனக்கு அறுவைச் சிகிச்சை நடந்த நான்காம் மாதமே ஒருவரைப் பார்க்கப் போனேன். அவர் கேட்ட முதல் கேள்விக்கே என் குரல் உடைந்து, அவர் எனக்கு ஆறுதல் சொல்லி அனுப்பும்படி ஆயிற்று. ஓராண்டு போகட்டும். பிறகு, சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் பெயர் கொடுத்து, அவர் வழியாக மட்டும், நோயாளி சம்மதித்த பின்னரே சந்திப்பது முறை.

முதல் சந்திப்பில் பெரும்பாலும் நோயாளியின் மடியில் கோப்பு இருக்கும், பயாப்ஸி (திசுச் சோதனை) அறிக்கையில், நோயின் வீரியத்தைக் காட்டும் கிளீசன் எண்ணைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருப்பார், “உங்களுக்கு எவ்வளவு சார்?” என்றுதான் ஆரம்பிப்பார். எண்ணைச் சொல்வதில் தவறில்லை, ஆனால் ஒப்பிட்டுப் பேசக் கூடாது. கிளீசன் 6 உள்ள பலருக்கு உடனடிச் சிகிச்சையே இன்றி, பிஎஸ்ஏ என்ற புராஸ்டேட் புரதத்தின் இரத்த அளவையும் பயாப்ஸியையும் குறித்த காலங்களில் பார்த்துக் கண்காணிப்பதோடு நிறுத்துகிறார்கள். 8 அல்லது அதற்கு மேல் போனால் நிலைமை வேறு. அறுவையா, கதிர்வீச்சா, ஹார்மோன் ஊசியா என்பதில் நம் பரிந்துரைக்கு இடமே இல்லை. மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுத உதவலாம்.

நாம் மனம்விட்டுப் பேச வேண்டிய இடம் சிறுநீர்க் கசிவு. அறுவைக்குப் பின் கதீட்டரை (சிறுநீர் வடிய வைத்த குழாயை) எடுத்ததும், இருமினாலும் நாற்காலியிலிருந்து எழுந்தாலும் சில துளிகள் வந்துவிடும். வெள்ளை வேட்டி கட்டிப் பழகியவருக்கு இது மானப் பிரச்சினை. பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் படிப்படியாகக் குறைகிறது என்பதையும், பேட் எங்கே வாங்கினோம், வெளியூர்ப் பயணத்தில் எத்தனை எடுத்துப்போனோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்புத் தளத் தசையை இறுக்கிச் சில நொடிகள் பிடித்து விடும் பயிற்சியை அறுவைக்கு முன்பே பழகுவது நல்லது. கதீட்டர் இருக்கும்போது செய்யக் கூடாது. சரியான முறையைப் பிசியோதெரபிஸ்ட் காட்டுவார். விறைப்புத்தன்மை குறைவதைப் பற்றி நோயாளி தானாகப் பேச மாட்டார். “எனக்கும் அந்தச் சிக்கல் இருந்தது, அதற்கும் சிகிச்சை உண்டு” என்று நாமே ஒரு வரி சொல்லி நிறுத்தினால், அடுத்த சந்திப்பில் அவரே எடுப்பார். மனைவியின் கேள்விகளுக்கு நம் வீட்டம்மாவைப் பேசவைப்பதே பொருத்தம்.

விழிப்புணர்வுப் பேச்சுக்குப் பெரிய அரங்கம் வேண்டாம். ஓய்வூதியர் சங்கக் கூட்டமும் காலை நடைக்குழுவும் போதும். பேச்சில் அச்சுறுத்தல் கூடாது. தொடக்க நிலையில் இந்நோய்க்கு அறிகுறியே இல்லாமலிருப்பது வழக்கம்; இரவில் அடிக்கடி எழுந்து போவது பெரும்பாலும் வயதோடு வரும் சாதாரணச் சுரப்பி வீக்கத்தால்தான். பிஎஸ்ஏ அளவு வீக்கத்தாலும் தொற்றாலும்கூட ஏறும் என்பதால், ‘எல்லோரும் நாளையே சோதியுங்கள்’ என்று சொல்வதைவிட, ‘ஐம்பதைக் கடந்தவர் சோதனையின் நன்மை தீமைகளை மருத்துவரிடம் கேளுங்கள்’ என்பதே நேர்மை. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ வந்திருந்தால் இன்னும் முன்னதாகவே கேட்க வேண்டும். குடும்பத்துப் பெண்களின் மார்பக, சினைப்பைப் புற்றுநோயும் இங்கே கணக்கில் வரும், ஏனெனில் இந்தப் புற்றுநோய்களின் அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ2 என்ற மரபணுவின் மாற்றம் இருபாலருக்கும் பொது. இதைக் கேட்டு வியக்காத கூட்டத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. மூலிகைப் பொட்டலத்தோடு மேடையில் இரண்டு நிமிடம் கேட்டு வருபவர்களுக்கு இடம் தராதீர்கள்.

சில சமயங்களில் ஆறுதல் பேச்சை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்: சிறுநீர் அறவே பிரியாமல் நிற்பது, நோய் எலும்புக்குப் பரவியவருக்குக் கடும் முதுகுவலியோடு கால் மரத்துத் தளர்வது. இரண்டாவது, தண்டுவடம் அழுந்துவதன் அடையாளமாக இருக்கலாம்; அதில் மணிக்கணக்குத் தாமதமும் நடக்கும் திறனைப் பறித்துவிடும். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால், அவரைத் தனியே விடாமல் வீட்டாரிடம் தெரிவித்து, 14416 என்ற, அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணை நாமே அழைத்துக் கொடுக்க வேண்டும். மற்றபடி கேட்டது எதுவும் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக் கூடாது.

நமக்கும் ஆறு மாதத்துக்கொரு பிஎஸ்ஏ சோதனை வரும். முடிவு கைக்கு வரும்வரை மனம் ஒரு நிலையில் இருப்பதில்லை. அந்த வாரத்தில் நான் யாரையும் சந்திக்க ஒப்புக்கொள்வதில்லை, நாள்காட்டியில் முன்கூட்டியே அடித்து வைத்துவிடுகிறேன்.