சிசிலி சிவப்பு ஒயின்: நிறத்தை நம்பி வரிசைப்படுத்தாதீர்கள்

சிசிலித் தீவுக்கே உரிய திராட்சைகளில் செய்த சிவப்பு ஒயின்களை ஒரே அமர்வில் சுவைக்கப் போகிறீர்களா? வெளிறிய நிறம் என்றால் மென்மை என்று எண்ணிவிடாதீர்கள். எட்னா எரிமலைச் சரிவில் விளையும் நெரெல்லோ மஸ்கலேசே திராட்சையின் ஒயின் கோப்பையில் வெளிறித்தான் தெரியும். வாயில் வைத்தால் துவர்ப்பும் புளிப்பும் நாக்கைப் பிடித்துக்கொள்ளும். அதை முதலில் சுவைத்துவிட்டால், பின்னால் வரும் மென்மையான ஒயின் எடுபடாது.

ஆகவே ஃப்ரப்பாத்தோ திராட்சை ஒயினில் தொடங்குங்கள். ஸ்ட்ராபெரி மணம், இலகுவான சுவை; 14 டிகிரிக்குக் குளிரவைத்தால் இன்னும் துலங்கும். ஃப்ரப்பாத்தோவோடு நேரோ தாவோலா என்ற திராட்சையையும் கலந்து செய்வது செரசுவோலோ டி விட்டோரியா. சிசிலியில் முதன்முதலாக, 2005இல், டி.ஓ.சி.ஜி. என்ற இத்தாலியின் உயர்தரத் தகுதியைப் பெற்ற ஒயின் இதுதான். இரண்டாவதாக இதை வைத்தால், அடுத்து வரும் தனி நேரோ தாவோலாவின் அடர்த்தி தெளிவாகப் புரியும்.

நெரெல்லோ கடைசியில்தான். ஊற்றியதும் குடிக்காமல் கால் மணி நேரம் காற்றாட விடுங்கள், மணம் மெல்ல விரியும். கூடவே கொஞ்சம் பாலாடைக்கட்டி இருந்தால் துவர்ப்பு அடங்கும். வாங்கும்போது லேபிளில் 'எட்னா ரோஸ்ஸோ' என்று பாருங்கள். அதில் குறைந்தது 80 சதவீதம் நெரெல்லோ மஸ்கலேசே இருக்க வேண்டும் என்பது விதி.