எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் இடித்துவிட்டால்: முதல் ஒரு மணி நேரத்தில் செய்யும் தப்புகள்

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் நெடுஞ்சாலை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. அக்கா பையன் ஸ்டியரிங்கில், நான் பக்கத்து சீட்டில், அவன் அண்ணன் பின்னால். எல்.எல்.ஆர்., அதாவது வண்டி ஓட்டப் பழகுபவருக்கான உரிமம், எடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. காசிமேட்டில் மீன் எடுத்துக்கொண்டு டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் ஒருவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். பள்ளத்தைப் பார்த்து வேகம் குறைத்தார். இவன் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டான். பெரிய இடி இல்லை. ஆனால் வண்டி சாய்ந்து, பெட்டி கவிழ்ந்து, ஐஸும் சங்கராவும் ரோடெல்லாம். அவர் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான் கதவைத் திறப்பதற்குள் பின் சீட்டிலிருந்து குரல்: "டேய், சீட்டு மாறுடா. நான் ஓட்டினேன்னு சொல்லிக்கலாம். என்கிட்ட லைசென்ஸ் இருக்கு."

தம்பி மேல் உள்ள பாசத்தில் சொன்னதுதான். ஆனால் எல்.எல்.ஆர். விபத்துகளில் ஒரு குடும்பம் செய்யக்கூடிய மிகப் பெரிய தப்பு அதுதான். மற்ற தப்புகளுக்கு ஏதாவது வழி இருக்கும். ஆளை மாற்றிக் காட்டியதற்கு இல்லை.

ஏன் மாற்றத் தோன்றுகிறது? எல்.எல்.ஆர். ஒரு லைசென்ஸே இல்லை, இன்சூரன்ஸ் வராது என்று எல்லோரும் நம்புகிறார்கள். அது சரியில்லை. மோட்டார் பாலிசியில் ஓட்டுநர் பற்றிய பகுதியைப் படித்துப் பாருங்கள். செல்லுபடியாகும் எல்.எல்.ஆர். உள்ளவரும் ஓட்டலாம், எல் போர்டு, பக்கத்தில் லைசென்ஸ்காரர் என்று கேட்கும் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 3-ஆம் விதியைப் பின்பற்றியிருக்க வேண்டும் என்றுதான் வழக்கமாக இருக்கும். 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும், எல்.எல்.ஆர். உரிமம்தான், அதைக் காட்டி மட்டும் இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்கு இழப்பீடு தராமல் நழுவ முடியாது என்று சொல்லிவிட்டது.

அதாவது உண்மையைச் சொன்னால் காப்பாற்றக்கூடிய பாலிசியை, பொய்யைச் சொல்லி நாமே கெடுத்துக்கொள்கிறோம். அந்தச் சாலையில் நகைக்கடை, மருந்துக்கடை, அபார்ட்மென்ட் கேட் என்று எங்கும் சிசிடிவி. யார் எந்தக் கதவில் இறங்கினார் என்பது பதிவாகியிருக்கும். போலீசிடம் பொய்த் தகவல் கொடுத்தது தனிக் குற்றம். விபத்தோடு சம்பந்தமே இல்லாத அண்ணனும் குற்றவாளி ஆகிவிடுவான். பெரியவனை முறைத்தேன், சின்னவன் அதே கதவில் இறங்கினான்.

அடுத்தது ஓடிப் போவது. கூட்டத்தைப் பார்த்தால் பயம் வரும்தான். சட்டமும் அதை ஒத்துக்கொள்கிறது: மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆவது பிரிவில், அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க ஓட்டுநர் ஏற்பாடு செய்ய வேண்டும், கூட்டத்தின் ஆத்திரத்தால் முடியாமல் போனால் தவிர என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆனால் அது வீட்டுக்குப் போக அனுமதி இல்லை. நேராகப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்; எப்படியானாலும் 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. எல்.எல்.ஆர்.தானே என்று இதில் சலுகை கிடையாது. ஸ்டியரிங்கில் யார் இருந்தாரோ அவர்தான் ஓட்டுநர்.

108-க்கு போன் செய்துவிட்டு மீன்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தோம். அப்போதுதான் கூட்டத்தில் ஒரு பெரியவர் சமாதானம் பேச வந்தார். "போலீஸ் கீலீஸ் எதுக்குப்பா, மீனு காசு, கை வைத்தியம் எல்லாம் சேத்து மூணாயிரம் குடுத்துட்டுக் கிளம்பு." மீன்காரருக்கும் அதில் சம்மதம்தான். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தபோது மணிக்கட்டில் விரிசல். ஆறு வாரம் கட்டு, ஆறு வாரம் வண்டி ஓட்ட முடியாது, வருமானமும் கிடையாது. மூவாயிரம் எந்த மூலைக்கு? கவிழ்ந்த மீனுக்குக் கையில் இருந்ததைக் கொடுத்தோம், அது வேறு. நடுரோட்டில் பேசிய தொகையோடு கணக்கு தீர்ந்தது என்று நினைப்பதுதான் தப்பு. அவர் பிறகு மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கலாம், கேட்க வேண்டும். ரோட்டிலேயே பேசி முடித்துவிட்டு இன்சூரன்சுக்குச் சொல்லாமல் விட்டிருந்தால், அன்றைக்கு நம்மிடம் ஒரு காகிதமும் இருக்காது. (சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாத சிகிச்சை என்ற அரசுத் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. பணத்தை நினைத்து யாரும் ஆஸ்பத்திரியைத் தவிர்க்க வேண்டாம்.)

இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். 134-ஆவது பிரிவில் அதுவும் ஓட்டுநரின் கடமைதான்: பாலிசி எண், இடம், நேரம், அடிபட்டவர் விவரம், ஓட்டியவரின் உரிம விவரம். வண்டியை நகர்த்துவதற்கு முன் நாலு போட்டோ. அதில் எல் போர்டும் விழட்டும்.

ஏனென்றால் கம்பெனியில் முதலில் கேட்டதே அதுதான். எல்.எல்.ஆர். தேதி என்ன? அதன் ஆயுள் ஆறு மாதம்தான். எல் போர்டு இருந்ததா? முன்னும் பின்னும், வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்து, குறைந்தது 10 சென்டிமீட்டர் உயரம். எங்கள் ஸ்டிக்கர் ஒரு மூலையில் மட்டும் ஒட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது, நல்லவேளை, விழவில்லை. அப்புறம், பக்கத்தில் யார்? லைசென்ஸ் உள்ளவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். "நீ ஒரு ரவுண்டு போயிட்டு வா, நான் டீ சாப்பிடறேன்" என்று இறங்கிக்கொள்ளும் மாமாக்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். இந்த விதியை மீறியிருந்தால், அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்துவிட்டுப் பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். நம் வண்டியின் சேதத்துக்குக் கேட்டால் கையை விரித்துவிட வாய்ப்பு அதிகம்.

வழக்கு போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவுக்குப் போனது. பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) வந்து வண்டியைப் பார்த்து, பிரேக்கில் கோளாறு இல்லை என்று எழுதினார். பையன் முகம் சுருங்கிவிட்டது. "நீதான் உண்மையச் சொல்லிட்டியேடா, இதுல என்ன" என்றேன்.

டூ வீலர் வைத்திருப்பவர்கள் இதெல்லாம் கார் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 3-ஆம் விதி பைக்குக்கும்தான். எல்.எல்.ஆரோடு பைக் ஓட்டும்போது, சொல்லிக்கொடுக்கும் லைசென்ஸ்காரரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மூன்று பேராகப் போகிறவர்களில் எத்தனை பேரிடம் எல்.எல்.ஆராவது இருக்கும் என்று போகும்போதெல்லாம் யோசிப்பேன். பெரியவன் பைக்கை இப்போது தம்பிக்குக் கொடுப்பதில்லை. கொடுத்தால் பின்னால் அவனே உட்கார்ந்துகொள்கிறான்.