பத்து வட்டியிலிருந்து மீண்டேன்

2022-ல் அம்மாவின் ஆபரேஷனுக்காக 60,000 ரூபாய் பத்து வட்டிக்கு வாங்கினேன். நூற்றுக்கு மாதம் 10 ரூபாய். ஒரு வருடத்தில் 72,000 கட்டியும் அசல் அப்படியே நின்றது. யாரிடமும் சொல்லவில்லை, அதுதான் நான் செய்த பெரிய தப்பு.

ஒரு நாள் எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் அடக்க முடியாமல் அழுதுவிட்டேன். யாரும் குத்திக்காட்டவில்லை. குழுத் தலைவி அக்கா நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டார். குழுச் சேமிப்பிலிருந்து ஒரு வட்டிக்கு 20,000 கிடைத்தது. மீதிக்கு அண்ணி தன் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தார், நான் கேட்காமலே. கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து 40,000 வாங்கினோம்.

பணம் கட்டப் போனபோது அக்காவும் இன்னும் இரண்டு பேரும் கூடவே வந்தார்கள். கடன்காரர் இழுத்தடித்தார். 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டத்தை அக்கா எடுத்துச் சொன்னதும், நான் கையெழுத்துப் போட்ட வெற்றுப் புரோநோட்டு கைக்கு வந்தது. இதை மட்டும் விட்டுவிடாதீர்கள், கேட்டு வாங்கிக் கிழித்துப் போடுங்கள்.

அப்புறம், மாதாமாதம் வட்டிக்கே போன அந்த 6,000 ரூபாய் அசலைக் கரைத்தது. பதினொரு மாதத்தில் இரண்டு கடனும் முடிந்தன. வளையல்களை மீட்டு அண்ணியின் கையில் நானே போட்டுவிட்டேன்.