நீட் எழுதப் போற கடலூர், பாண்டி புள்ளைங்களுக்கு: முதல்ல ஒரு தப்பு நோட்டு போடுங்க

நான் நீட் ரெண்டு தடவ எழுதுனவ. கடலூர் ஓ.டி. (பழைய டவுன்) பக்கம் அரசு பள்ளி, பன்னெண்டு வரைக்கும் தமிழ் மீடியம். முதல் தடவ சீட்டுக்கு கிட்டயே வரல, ரெண்டாவது தடவ கெடச்சுது. நடுவுல இருந்த ஒரு வருஷத்துல நான் புதுசா பெருசா ஒண்ணும் படிச்சிடல, அதே புக்கு, அதே டேபிள். மாறுனது ஒண்ணே ஒண்ணுதான், எனக்கு மார்க் எங்க போகுதுன்னு எழுதி வெக்க ஆரம்பிச்சேன். இத தெருவுல ரெண்டு தங்கச்சிங்களுக்கு சொல்லி சொல்லி பழகிட்டேன், எல்லாருக்கும் உதவட்டும்னு இங்க எழுதுறேன்.

மொதல்ல பரீட்சை எப்படின்னு சீக்கிரமா சொல்லிடுறேன். 180 கேள்வி, 180 நிமிஷம், 720 மார்க். ஃபிசிக்ஸ் 45, கெமிஸ்ட்ரி 45, பயாலஜி 90. சரியா இருந்தா 4, தப்பா இருந்தா 1 கழியும், விட்டுட்டா ஒண்ணும் இல்ல. நடுவுல சில வருஷம் சாய்ஸ் இருந்துச்சு, 2025ல இருந்து அது கெடையாது, எக்ஸ்ட்ரா டைமும் கெடையாது. பேப்பர்லதான், ஓ.எம்.ஆர். ஷீட்ல வட்டத்த கருப்பு பால்பாயிண்ட் பேனாவால நிரப்பணும், பேனா அவங்களே குடுப்பாங்க. பயாலஜிதான் பாதி மார்க், அதோட ரெண்டு பேருக்கு ஒரே மார்க் வந்தாலும் மொதல்ல பயாலஜி மார்க்தான் பாப்பாங்க. அதனால ஃபிசிக்ஸ் பயத்துல பயாலஜிய "அது படிச்சுக்கலாம்"னு தள்ளி வெக்காதீங்க, நான் முதல் வருஷம் பண்ணது அதுதான்.

இப்ப தப்பு நோட்டு. ஒரு நீள நோட்டு வாங்கிக்கோங்க. ஒவ்வொரு டெஸ்ட் முடிஞ்சதும் தப்பான கேள்வி எல்லாத்தையும் அதுல எழுதுங்க, பக்கத்துல ஏன் தப்பாச்சுன்னு ஒரு நம்பர் போடுங்க. 1ன்னா அந்த பாடமே படிக்கல. 2ன்னா படிச்சேன், மறந்துட்டேன். 3ன்னா கேள்விய சரியா படிக்கல. 4ன்னா கணக்குல கை தப்பிடுச்சு. அவ்ளோதான். ஆனா நம்பர் போடுறப்ப உண்மையா போடணும், எல்லாத்துக்கும் "கேர்லெஸ்"னு போட்டு மனச தேத்திக்கக் கூடாது.

நான் எழுதுன ஒரு மாடல் டெஸ்ட்ல 41 தப்பு. நோட்டுல எழுதிப் பாத்தா அதுல 17 கேள்வி 3ம் 4ம். அதாவது எனக்குத் தெரிஞ்ச பாடத்துலயே போனது. ஒரு தப்புக்கு 4 மார்க் போகுதுன்னு நெனைக்கிறோம், உண்மையில 5 போகுது, வர வேண்டிய 4 வரல, கையில இருந்த 1ம் போச்சு. 17 இன்ட்டு 5, 85 மார்க். அன்னைக்கு ராத்திரி அத பாத்து அழுகையே வந்துடுச்சு, ஏன்னா 85 மார்க்குக்கு நான் புதுசா நாலு பாடம் படிக்கணும்னு ஓடிக்கிட்டு இருந்தேன், அது என் கையிலயே இருந்துருக்கு.

ஒரு கேள்விய மட்டும் காட்டுறேன். ஒரு கம்பியோட நீளம், மின்தடை எண், விட்டம் குடுத்து மின்தடை எவ்வளவுன்னு கேட்டிருந்தாங்க. நான் விட்டத்தையே ஆரம்னு எடுத்து பரப்பு போட்டுட்டேன். பரப்பு நாலு மடங்காச்சு, மின்தடை நாலுல ஒரு பங்கா வந்துச்சு. ஆப்ஷன்ல பாத்தா அந்த தப்பு விடையும் அழகா உக்காந்துருக்கு! இந்த மாதிரி பரீட்சைல ஆப்ஷன அப்படித்தான் வெப்பாங்க, நாம வழக்கமா பண்ற தப்புக்கு என்ன விடை வருமோ அதுவும் அங்க இருக்கும், அதனால "விடை ஆப்ஷன்ல இருக்கு, அப்ப சரிதான்"னு நிம்மதி ஆயிடாதீங்க. அன்னைல இருந்து கணக்கு கேள்வில குடுத்திருக்குற ஒவ்வொரு அளவுக்கும் கீழ கோடு போட ஆரம்பிச்சேன், விட்டமா ஆரமா, சென்டிமீட்டரா மீட்டரா. பயாலஜில "தவறான கூற்று எது", "பொருந்தாதது எது"ன்னு வந்தா அந்த வார்த்தைய வட்டம் போட்டுடுவேன். ரெண்டே மாசத்துல நம்பர் 3 தப்பு அஞ்சுக்குள்ள வந்துடுச்சு.

ஞாயித்துக்கிழமை காலைல புதுசா எதுவும் தொடாம தப்பு நோட்ட மட்டும் முதல் பக்கத்துல இருந்து திருப்பி போட்டுப் பாருங்க. மறுபடியும் தப்பாகுறதுக்கு சிவப்பு டிக். மூணு சிவப்பு டிக் வாங்குன கேள்விங்கதான் உங்க உண்மையான சிலபஸ்.

படிக்கிறதுக்கு புக்குன்னு கேட்டா, என்.சி.இ.ஆர்.டி. (சி.பி.எஸ்.இ. பள்ளில படிக்கிற புக்கு) 11, 12 தான் அடிப்படை, அவங்க இணையதளத்துலயே இலவசமா டவுன்லோட் பண்ணிக்கலாம். பயாலஜிய வரி வரியா, படத்துக்கு கீழ இருக்குற சின்ன எழுத்து, அட்டவணை உட்பட படிங்க. நம்ம ஸ்டேட் போர்டு புக்கும் நல்ல புக்குதான், தமிழ்ல புரிஞ்சுக்க அதவிட நல்லது எதுவும் இல்ல, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு படிங்க. பாண்டி அரசு பள்ளிங்க 2023ல இருந்து சி.பி.எஸ்.இ.க்கு மாறிட்டதால அங்க படிக்கிற புள்ளைங்களுக்கு இந்த ரெட்ட வேலை கொஞ்சம் கம்மி. இன்னொண்ணு, 2024 தேர்வுல இருந்து சிலபஸ மாத்திட்டாங்க, சாலிட் ஸ்டேட், சர்ஃபேஸ் கெமிஸ்ட்ரி, பாலிமர் மாதிரி சில பாடம் இப்ப இல்ல. அண்ணன் அக்கா குடுத்த பழைய கைட வெச்சுகிட்டு இல்லாத பாடத்த உக்காந்து படிக்கிற புள்ளைங்கள பாக்குறேன், வயிறு எரியுது. புது சிலபஸ பிரிண்ட் எடுத்து செவுத்துல ஒட்டிட்டு அப்புறம் புக்க தொடுங்க.

தமிழ் மீடியம் புள்ளைங்களுக்கு தனியா ஒண்ணு சொல்லணும், இது ரொம்ப முக்கியம். அப்ளிகேஷன்ல தமிழ்னு குடுத்தா தமிழும் இங்கிலீஷும் சேந்த கேள்வித்தாள் வரும். ரெண்டுக்கும் அர்த்தம் மாறுச்சுன்னா இங்கிலீஷ்ல இருக்குறதுதான் செல்லும். 2018ல தமிழ் கேள்வித்தாள்ல 49 கேள்வில மொழிபெயர்ப்பு தப்புன்னு வழக்கு போய், ஹைகோர்ட் மதுரை கிளை 196 மார்க் குடுக்கச் சொல்லுச்சு, சுப்ரீம் கோர்ட் அத ரத்து பண்ணிடுச்சு. அதனால நம்மள நாமளேதான் காப்பாத்திக்கணும். நான் பண்ணது, நோட்டுல எடது பக்கம் தமிழ் சொல், வலது பக்கம் இங்கிலீஷ் சொல்ல தமிழ்லயே எழுதி பக்கத்துல ஸ்பெல்லிங். குன்றல் பகுப்புன்னா மியாசிஸ், உந்தம்னா மொமென்ட்டம், நிலைமத் திருப்புத்திறன்னா மொமென்ட் ஆஃப் இனர்ஷியா. ஒரு நாளைக்கு பத்து சொல்லு போதும். தமிழ்ல ஒரு கேள்வி ஒரு மாதிரி குழப்பமா இருந்தா அப்படியே கண்ண பக்கத்துல இருக்குற இங்கிலீஷுக்கு ஓட்டுங்க, முழுசா படிக்க வேணாம், அந்த ஒரு சொல்ல பாத்தாலே தெளிஞ்சுடும்.

அப்புறம் ஓ.எம்.ஆர். இத யாரும் பெருசா சொல்றதில்ல. எனக்கு முதல் வருஷம் ஒரு மாடல் டெஸ்ட்ல 37வது கேள்விய விட்டுட்டு 38க்கு விடைய 37ல நிரப்பி, அப்படியே 52 வரைக்கும் ஒரு வட்டம் தள்ளி தள்ளியே போயிட்டேன், ஒரு பக்கம் முழுக்க போச்சு. பேனால நிரப்புனத அழிக்கவும் முடியாது. ஜெராக்ஸ் கடைல மாடல் ஓ.எம்.ஆர். ஒரு கட்டு எடுத்து வெச்சுகிட்டு ஒவ்வொரு டெஸ்டும் அதுலயே எழுதுங்க. எல்லாத்தையும் கடைசில நிரப்பிக்கலாம்னு வெக்காதீங்க, ஒரு பக்கம் முடிஞ்சா அந்த பக்கத்துக்கு உடனே நிரப்பிடுங்க, ஒவ்வொரு அஞ்சாவது கேள்விலயும் நம்பர ஒரு தடவ சரி பாருங்க. எனக்கு ஒத்து வந்த டைம், பயாலஜி 50 நிமிஷம், கெமிஸ்ட்ரி 50, ஃபிசிக்ஸ் 65, மிச்சம் 15 நிமிஷம் விட்டதுக்கு. இதுல வட்டம் நிரப்புறதும் சேத்திதான்.

தெரியாத கேள்விக்கு குருட்டாம்போக்குல போடலாமான்னு எல்லாரும் கேக்குறாங்க. கணக்கு போட்டுப் பாருங்க. ஒண்ணுமே தெரியாத 20 கேள்விக்கு கண்ண மூடிட்டு போட்டா சராசரியா 5 சரி, 15 தப்பு, 20ல 15 போனா 5 மார்க் லாபம். ஆனா அன்னைக்கு 3தான் சரியா வந்துச்சுன்னா 12ல 17 போயி 5 நஷ்டம். அவ்ளோ சின்ன லாபத்துக்கு அந்த பதட்டம் தேவையில்லங்கறது என் கருத்து. நாலுல ரெண்டு ஆப்ஷன் நிச்சயமா தப்புன்னு தெரிஞ்சா மட்டும் தைரியமா போடுங்க, அங்க ஒரு கேள்விக்கு சராசரியா ஒண்ணரை மார்க் நம்ம பக்கம் நிக்கும்.

தேர்வு மே மாசம் ஞாயித்துக்கிழமை, மதியம் 2ல இருந்து 5 வரைக்கும். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்குல ஆரம்பிக்கும், நம்மூர் வெயில் உங்களுக்கே தெரியும், கடல் காத்தே சூடா அடிக்கும். கடைசி ஒரு மாசம் டெஸ்ட் எல்லாத்தையும் அதே 2ல இருந்து 5 வரைக்கும் எழுதுங்க. மதியம் சாப்பிட்டு தூங்கி பழகுன ஒடம்பு அன்னைக்கு மட்டும் முழிச்சுக்காது.

சென்டர் எங்கன்னு பாத்துட்டு முந்தின நாளே ஒரு தடவ போயி வாசல பாத்துட்டு வந்துடுங்க. எனக்கு பாண்டில விழுந்துச்சு. கடலூர்ல இருந்து பஸ் இருபது சொச்சம் கிலோமீட்டர்தானேன்னு நெனைக்காதீங்க, அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் தாண்டி உள்ள போறதுக்குள்ளயே நேரம் ஓடிடும். அதுலயும் தேர்வு ஞாயித்துக்கிழமை, பாண்டி காந்தி வீதில சண்டே மார்க்கெட் நடக்குற நாளு, டவுனுக்குள்ள சென்டர்னா ஆட்டோ அந்தப் பக்கம் நகராது. 1.30க்கு கேட்ட மூடிடுவாங்க, அழுதாலும் தொறக்க மாட்டாங்க. பதினோரு மணிக்கே ஊருக்குள்ள இருக்குற மாதிரி கெளம்புங்க. தயிர் சோறோ இட்லியோ, வழக்கமா சாப்புடுறது எதுவோ அத கட்டி எடுத்துட்டு போயி பன்னெண்டுக்குள்ள சாப்ட்டுடுங்க.

அரைக்கை சட்டை இல்லன்னா சாதா சுடிதார், பெரிய பட்டன் வேணாம், ஷூ வேணாம், செருப்பு போதும். பொண்ணுங்களுக்கு ஒண்ணு, கம்மல், கொலுசு, மூக்குத்தி எல்லாத்தையும் முந்தின நாள் ராத்திரியே கழட்டிடுங்க. என் மூக்குத்தி ஆறாங்கிளாஸ்ல குத்துனது, ஒரு தடவ கூட கழட்டுனதில்ல, எங்கம்மா தேங்கா எண்ண விட்டு விட்டு முக்கா மணி நேரம் திருகி எடுத்தாங்க, மூக்கு வீங்கிடுச்சு. அதே வேலைய கேட்டுகிட்ட நின்னு பண்ணியிருந்தா நான் உள்ள போயி எழுதியிருக்க மாட்டேன். ஹால் டிக்கெட், ஒரிஜினல் ஆதார், அப்ளிகேஷன்ல போட்ட அதே போட்டோ, போஸ்ட்கார்ட் சைஸ் போட்டோ, லேபிள் இல்லாத கண்ணாடி மாதிரி தண்ணி பாட்டில், இதெல்லாம் ஒரு கவர்ல. ஹால் டிக்கெட்ல இருக்குற விதிய அம்மா அப்பாவும் ஒரு தடவ படிக்கட்டும்.

உள்ள போனதும் கேள்வித்தாள் கோடும் ஓ.எம்.ஆர். கோடும் ஒண்ணான்னு பாருங்க, இல்லன்னா உடனே கைய தூக்குங்க, கூச்சப்படாதீங்க.

அம்மா அப்பாவுக்கு ஒரு வார்த்தை. வெளிய வந்ததும் "எவ்ளோ வரும்"னு கேக்காதீங்க. தண்ணி குடுங்க, பஸ்ஸுல ஜன்னல் சீட்டு குடுங்க. முதல் வருஷம் எங்கப்பா ஒண்ணுமே கேக்காம பஸ் ஸ்டாண்டுல ஒரு கரும்பு ஜூஸ் வாங்கி குடுத்தாரு, நான் மறுபடியும் எழுதுறேன்னு சொல்ல தைரியம் வந்தது அன்னைக்குத்தான். புள்ள ரெண்டு நாளா பேசல, சாப்புடல, இருந்து என்ன பிரயோஜனம்னு சொல்லுதுன்னா அத சாதாரணமா விடாதீங்க, உதவி எண் 104க்கோ மனநல உதவி எண் 14416க்கோ போன் பண்ணுங்க, தமிழ்ல பேசலாம், காசு கெடையாது. கால்நடை மருத்துவத்துக்கு தமிழ்நாட்டு சீட்டும், விவசாயமும் பன்னெண்டாவது மார்க்லயே சேரலாம், அதுக்கும் தேதி தவறாம அப்ளை பண்ணி வெச்சுடுங்க.

ரிசல்ட் வர்றதுக்குள்ள பேப்பர் வேலைய முடிங்க. தமிழ்நாட்டுல ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசு பள்ளில படிச்சிருந்தா 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு, 2020ல சட்டமாச்சு, என் சீட்டும் அதுலதான் வந்துச்சு, அதுக்கு ஸ்கூல்ல படிச்ச சான்றிதழ் வேணும். பாண்டி புள்ளைங்களுக்கு சென்டாக் (பாண்டி அரசோட அட்மிஷன் கமிட்டி) மூலமா கவுன்சிலிங், அங்கயும் அரசு பள்ளிக்கு 10 சதவீதம் உண்டு. ஜிப்மருக்கு 2019 வரைக்கும் தனி எக்ஸாம் இருந்துச்சு, 2020ல இருந்து நீட் மார்க்தான், ஆனா கவுன்சிலிங் மத்திய கமிட்டி நடத்துது, அதுக்கு தனியா பதிவு பண்ணணும், மறந்துடாதீங்க. மத்திய ஒதுக்கீட்டுக்கு ஓ.பி.சி. சான்றிதழ் தனி, நம்ம மாநில பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் அங்க செல்லாது. இ-சேவைல போட்டா வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார்னு போயி வர நாளாகும், மே மாசமே போட்டுடுங்க.

கேள்வித்தாள வீட்டுக்கு கொண்டு வரலாம், அத பத்திரமா வைங்க. ஆன்சர் கீயும் உங்க ஓ.எம்.ஆர். ஸ்கேனும் நெட்ல வரும், அன்னைக்கு உக்காந்து ஒவ்வொண்ணா ஒத்துப் பாருங்க. கீ தப்புன்னு என்.சி.இ.ஆர்.டி. பக்கத்தோட காட்ட முடிஞ்சா ஒரு கேள்விக்கு 200 ரூபா கட்டி ஆட்சேபனை போடலாம், நாள் ரொம்ப குடுக்க மாட்டாங்க, அதனால அந்த வாரம் அப்ளிகேஷன்ல குடுத்த போன் நம்பரும் மெயிலும் உங்க கையிலயே இருக்கட்டும், ப்ரவுசிங் சென்டர் அண்ணனோட மெயில் ஐடிய குடுத்துட்டு அப்புறம் அவர தேடி அலையாதீங்க.