தொலைபேசிக் கம்பியில் ஈதர்நெட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுச் சுவருக்குள் சும்மா கிடக்கும் தொலைபேசிக் கேபிளை ஈதர்நெட்டுக்கு, அதாவது கேபிள்வழிக் கணினி வலையமைப்புக்கு, திருப்ப முனைபவர்கள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். பிளக்கைச் சரியாக அழுத்தாதது, கம்பியைக் குட்டையாக வெட்டிவிடுவது போன்றவை கைப்பழக்கத்தில் சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கேபிள் எது என்று பாராமல் செலவு செய்வது

உறையின் மேல் அச்சிட்டிருப்பதை முதலில் படியுங்கள். கேட் 5 அல்லது கேட் 5இ என்ற தரக் குறி இருந்து, உள்ளே நான்கு இணைகளும் (ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டிரண்டு கம்பிகள்) இருந்தால் கிகாபிட் வேகத்தை எதிர்பார்க்கலாம். இரண்டு இணைகளே இருந்தால் 100 மெகாபிட்டோடு நிறைவடைய வேண்டியதுதான். முறுக்கே இல்லாத கம்பியைக் கைவிடுங்கள்.

சங்கிலி இணைப்பைக் கவனியாதது

தொலைபேசிக்கு ஒரே கேபிளை ஓர் அறையின் சாக்கெட்டிலிருந்து அடுத்த அறைக்கு வரிசையாகக் கொண்டுபோவது வழக்கம். ஈதர்நெட்டில் ஒரு கேபிளுக்கு இரண்டு முனைகள், முனைக்கு ஒரு கருவி என்பதே விதி. ஆகவே நடுவிலுள்ள சாக்கெட்டுகளில் இணைப்பைப் பிரித்து, வரும் கேபிளுக்கும் போகும் கேபிளுக்கும் தனித்தனி ஜாக் பொருத்தி, இடையில் ஒரு சிறிய ஸ்விட்ச் (பல வலையமைப்புக் கேபிள்களை இணைக்கும் பெட்டி) வைக்க வேண்டும்.

இணையைப் பிரித்துவிடுவது

எனக்கு இன்றளவும் எரிச்சலூட்டுவது இதுதான். நண்பர் ஒருவர் வீட்டில் மாடி அறையின் இணைப்பில் இணையப் பக்கங்கள் திறந்தன; பெரிய கோப்பை நகலெடுக்கும்போது மட்டும் வேகம் சரிந்து, இணைப்பு விட்டு விட்டு வந்தது. அவர் ரவுட்டரை மாற்றினார், ஸ்விட்சை மாற்றினார், இறுதியில் சுவரை உடைத்துப் புதுக் கேபிள் இழுக்கவும் ஆள் பேசிவிட்டார். பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என ஒவ்வோர் இணையையும் பக்கத்தில் பக்கத்தில் அழகாக அடுக்கியிருந்தார். மறுமுனையிலும் அதே வரிசை. கேபிளைச் சோதிக்கும் மலிவான டெஸ்டரில் 1 முதல் 8 வரை எல்லா விளக்குகளும் ஒழுங்காக எரிந்ததால் வயரிங் மீது அவருக்கு ஐயமே எழவில்லை.

ஈதர்நெட் இணையின் இரு கம்பிகளிலும் ஒரே சைகை எதிரெதிர் மின்துருவத்தில் செல்கிறது. அவை ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருப்பதால் வெளி இரைச்சல் இரண்டின் மீதும் ஏறக்குறைய சமமாக விழுந்து, பெறும் முனையில் கழிந்துவிடுகிறது. பிளக்கின் எட்டுத் தொடுமுனைகளில் 1-2, 3-6, 4-5, 7-8 என்பவையே இணைகள். நடுவிலிருக்கும் 4, 5 தொலைபேசி இணைக்கு உரியவையாதலால் அடுத்த இணை அதன் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. நண்பரின் வரிசையில் 3, 6 ஆகிய இரண்டுக்கும் வெவ்வேறு முறுக்குகளிலிருந்து ஒவ்வொரு கம்பி வந்துவிட்டது. 4, 5 நிலையும் அதுவே. கம்பி அறுபடாமல் முனைக்கு முனை சேர்கிறதா என்பதை மட்டும் பார்க்கும் டெஸ்டருக்கு, எது எதனோடு முறுக்கப்பட்டிருக்கிறது என்பது தெரியாது. இரு முனைகளிலும் புதுப் பிளக்குப் போட்டு, வெள்ளைக் கோடில்லாத முழுநிறப் பச்சைக் கம்பியையும் நீலக் கம்பியையும் இடம் மாற்றியதும் கோளாறு தீர்ந்தது. இரண்டு ரவுட்டர் விலைக்கு மேல் செலவழித்த பிறகு!

ஆகவே டெஸ்டர் விளக்கை நம்புமுன் நிறங்களைக் கண்ணால் சரிபாருங்கள். முனையில் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள்.

தொலைபேசியையும் அதே கேபிளில் விட்டுவைப்பது

வேண்டாம்.

வெளி இணைப்பைத் துண்டிக்காமல் தொடங்குவது

தொலைபேசி இணைப்பில் சுமார் 48 வோல்ட் நேர்மின்னழுத்தம் எப்போதும் இருக்கும். மணி அடிக்கும்போது அதன்மேல் 90 வோல்ட் அளவில் மாறுமின்னழுத்தமும் சேரும். ஸ்விட்சின் போர்ட் அதற்காக வடிவமைக்கப்பட்டதன்று. கம்பி வீட்டுக்குள் நுழையும் பெட்டியிலேயே அதைக் கழற்றிவிட்டு, அந்தக் கேபிளை, தொலைபேசிக் கம்பி வழியே இணையம் தரும் டிஎஸ்எல் மோடமோ திருட்டு எச்சரிக்கைக் கருவியோ பயன்படுத்துகிறதா என்றும் பார்த்த பிறகே வேலையில் கை வையுங்கள்.